பல்கலைக்கழகத்துக்குப் பைசா இல்லை, பாலத்துக்கு மட்டும் எப்படி வந்தது?

தக்கலைப் பக்கத்து அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து ஆராய்ச்சி வரை போக ஆசைப்படுகிறாள். ஆனால் செய்தியில் எல்லாம் பல்கலைக்கழகங்களுக்கு அரசு நிதியை வெட்டுகிறது, சம்பளம் போடவே பணமில்லை என்று வருகிறது. அதே அரசு கன்னியாகுமரியில் 37 கோடிக்குக் கண்ணாடிப் பாலம் கட்டியிருக்கிறது. இந்த வீண் செலவை எல்லாம் நிறுத்தினால் கல்லூரிகளுக்குப் பணம் வந்துவிடாதா என்பது அவர் கேள்வி.

நான் நாகர்கோவிலில் ஓர் உதவிபெறும் கல்லூரியின் (தனியார் நிர்வாகம் நடத்தும், ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும்) அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த மேஜையிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறதோ அதைச் சொல்கிறேன். சுருக்கமான பதில் இது: உயர்கல்வியில் நிதி வெட்டும் வீண் செலவும் தனித்தனி விஷயம் கிடையாது. கொடுக்க வேண்டியதைப் பாதியில் நிறுத்துவதால்தான் ஏற்கெனவே போட்ட பணமும் சேர்த்து வீணாகிறது. இதை விளக்கக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

முதலில் பாலத்தை முடித்துவிடுவோம். 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். முன்பெல்லாம் கடல் உள்வாங்கினால் வள்ளுவர் சிலைக்குப் படகு போகாது. பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இப்போது நடந்தே போய்விடலாம். இதை வீண் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது இருக்கட்டும். 37 கோடி என்பது ஒரே தடவை செய்யும் மூலதனச் செலவு. கல்லூரிக்கு வேண்டியது மாதாமாதம் போக வேண்டிய சம்பளம். ஓர் உதவிப் பேராசிரியர் புதிதாகச் சேர்ந்தால் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்த்தால் வருடத்துக்குச் சுமார் 11 லட்சம். பாலத்துக்குப் போட்ட பணத்தில் பத்துப் பேரை முப்பது வருடம் வைத்திருக்கலாம் என்று காகிதத்தில் கணக்கு வரும். சம்பளம் அதே இடத்தில் நிற்காது, இன்கிரிமென்டும் அகவிலைப்படியும் ஏறிக்கொண்டே போகும், அதனால் பாதி வழியிலேயே பணம் தீர்ந்துவிடும். ஒரு மாநிலம் முழுக்கப் பத்து ஆசிரியர்! பாலத்தை நிறுத்தியிருந்தால் உங்கள் மகளுக்கு எதுவும் மாறியிருக்காது அண்ணே.

சரி, வெட்டு என்கிறார்களே, அது உண்மையா? பட்ஜெட் உரையைப் பார்த்தால் வெட்டே கிடையாது. உயர்கல்வித் துறைக்கு 2023-24இல் 6,967 கோடி, 2024-25இல் 8,212 கோடி, 2025-26இல் 8,494 கோடி. கூடிக்கொண்டுதான் வருகிறது. அமைச்சர் எழுந்து "நாங்கள் வெட்டவில்லை" என்றால் அவர் சொல்வது பொய்யில்லை. துணைவேந்தர் அலுவலகத்தில் "கையில் பைசா இல்லை" என்றால் அதுவும் பொய்யில்லை. பேச்சிப்பாறையில் தண்ணீர் மட்டம் ஏறியிருக்கும், கடைமடை வயல் காய்ந்து கிடக்கும். நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். நடுவில் எத்தனை மதகு என்று பார்க்க வேண்டும்.

அந்த 8,494 கோடியில் அரசுக் கல்லூரிகளின் சம்பளம் இருக்கிறது, உதவிபெறும் கல்லூரிகளின் சம்பள மானியம் இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது, பொறியியல் கல்லூரி இருக்கிறது, முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது, அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்குப் போகும் பிள்ளைகளின் கட்டணம் இருக்கிறது. இதெல்லாம் போகத்தான் பல்கலைக்கழகங்களின் தொகுப்பு மானியம். பிளாக் கிராண்ட் என்போம். அது பல்கலைக்கழகத்தின் செலவு ஏறும் வேகத்தில் ஏறுவதில்லை. ஊதியக் குழு வந்தால் செலவு ஒரே தாவாகத் தாவும். ஏழாவது ஊதியக் குழுவின் கூடுதல் செலவில் பாதியை மத்திய அரசு 2019 மார்ச் 31 வரைதான் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு முழுச் சுமையும் மாநிலத்தின் தலையிலும் பல்கலைக்கழகங்களின் தலையிலும்.

அப்புறம் ஓய்வூதியம். என் பார்வையில் பெரிய ஓட்டை இதுதான், ஆனால் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. அரசுக் கல்லூரிப் பேராசிரியருக்கு ஓய்வூதியம் கருவூலத்திலிருந்து நேராக வரும். பல்கலைக்கழகப் பேராசிரியருக்கோ அந்தப் பல்கலைக்கழகமே தன் நிதியிலிருந்து கொடுத்தாக வேண்டும். 2003 ஏப்ரலுக்கு முன்பு சேர்ந்தவர்கள் அனைவரும் பழைய ஓய்வூதியக்காரர்கள். பல்கலைக்கழகத்துக்கு வயது ஏற ஏறப் பட்டியல் நீளும். 1966இல் பிறந்த மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தள்ளிப்போய், வேலை பார்ப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் ஒன்றாகப் போராட்டத்தில் உட்கார்ந்ததை நாம் பார்த்தோம். நமக்குரிய நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல்தான் தொடங்கியது. ஆரம்பத்தில் சேர்ந்தவர்கள் இப்போதுதான் வரிசையாக ஓய்வு பெறுகிறார்கள். மதுரையின் கணக்கு நமக்கும் வரும், கொஞ்சம் பிந்தி வரும்.

(நம் மாவட்டத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுவது பழக்கப்பட்ட சங்கதிதான். 1956 நவம்பர் 1க்கு முன்பு படித்தவர்களுக்குத் திருவிதாங்கூர் பட்டம், பிறகு சென்னை, பிறகு மதுரை, 1990 முதல் நெல்லை. ஒரே வீட்டில் நாலு சான்றிதழில் நாலு முத்திரை இருக்கும்.)

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பட்ஜெட்டில் ஒரு வரியைக்கூட அடிக்காமல் நிதியை வெட்டும் வழி ஒன்று உண்டு. அது காலிப் பணியிடம். ஒரு பேராசிரியர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தை நிரப்ப அனுமதி கேட்டு நாங்கள் கோப்பு அனுப்புவோம். விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். பாடவேளைக் கணக்கு, மாணவர் எண்ணிக்கை, இட ஒதுக்கீட்டுக்கான இனச்சுழற்சி விவரம் எல்லாம் சேர்த்து மறுபடி அனுப்புவோம். ஜூன் மாதம் வகுப்பு தொடங்கிவிடும், வகுப்பறையில் ஆள் நிற்க வேண்டும். நிர்வாகம் சொந்தக் காசில், புதிதாகப் படித்து முடித்த ஒரு பிள்ளையை ஆசிரியராகப் போடும். சொந்தக் காசு என்றால் வேறெங்கிருந்து, அரசு மானியம் இல்லாமல் கட்டணத்திலேயே ஓடும் சுயநிதிப் பிரிவில் பிள்ளைகள் கட்டுகிற பணம்தான். அரசு மிச்சம் பிடித்த சம்பளத்தை வேறொரு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மீன்பிடிக் குடும்பத்துப் பெண்ணோ ரப்பர் வெட்டுத் தொழிலாளியின் மகனோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வருடாவருடம் அந்தப் பேரேட்டை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அரசுக் கல்லூரியில் இதே வேலையைக் கௌரவ விரிவுரையாளர் செய்கிறார். மாதம் 25,000 ரூபாய், வருடத்துக்கு 11 மாதம். பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. இப்படி 7,000 பேருக்கு மேல் மாநிலத்தில் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருவருக்கு 2 லட்சத்து 75 ஆயிரம். நிரந்தர ஆசிரியர் என்றால் 11 லட்சம். ஓர் இடத்தைக் காலியாக வைத்தால் 8 லட்சத்துக்கு மேல் மிச்சம். 2024இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தேர்வைத் தள்ளிப்போட்டது. அடுத்த வருடம் புது அறிவிப்பு வந்தபோது எண்ணிக்கை 2,708. அந்த 4,000 இடம் ஒரு வருடம் தள்ளிப்போனால் அரசுக்கு மிச்சம் தோராயமாக 330 கோடி. கிட்டத்தட்ட ஒன்பது கண்ணாடிப் பாலம், ஒவ்வொரு வருடமும். பாலத்தைப் பற்றிக் கோபப்பட்ட நாம் இதைப் பற்றிக் கோபப்படவில்லை, ஏனென்றால் கட்டாத ஒன்று கண்ணுக்குத் தெரியாது.

மிச்சம்தானே, நல்லதுதானே என்று கேட்கலாம். பிஎச்.டி. வழிகாட்டியாக இருக்க நிரந்தர ஆசிரியருக்குத்தான் அனுமதி. மானியக் குழுவின் 2022 விதிப்படி உதவிப் பேராசிரியர் 4 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், பேராசிரியர் 8 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு பேராசிரியர் இடம் காலியானால் எட்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கான இடம் போகிறது. ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்க ஆள் இல்லாததால் வெளி நிதி வருவதில்லை. முன்பு ஏதோ திட்டத்தில் வாங்கிய கருவி துணி போர்த்திக் கிடக்கும். பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. இயக்கத் தெரிந்தவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். கட்டடமும் கருவியும் வாங்கப் பணம் கிடைத்துவிடும், ஏனென்றால் அது ஒரே தடவைச் செலவு, கல்வெட்டும் வைக்கலாம். அதை இயக்குகிற ஆளுக்குப் பணம் கிடைக்காது. வீண் செலவு என்று எதையாவது காட்டச் சொன்னால் துணி போர்த்திய அந்தக் கருவியைத்தான் நான் காட்டுவேன்.

இது அங்கேயே நிற்பதும் இல்லை. நிரந்தர ஆசிரியரும் ஆராய்ச்சியும் குறைந்தால், கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு தரும் மதிப்பெண் இறங்கும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குத் தொலைநிலைக் கல்விதான் பெரிய வருமானம். களியக்காவிளை தாண்டிக் கேரளத்திலும் படிப்பு மையம் வைத்துப் பட்டம் கொடுத்தார்கள். எல்லை தாண்டி மையம் வைக்கக்கூடாது என்று மானியக் குழு கையைக் கட்டியது. அது நியாயம்தான், அந்த மையங்களில் நடந்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. பிறகு 2018இல் நாக் மதிப்பெண் 4க்கு 3.26 இருந்தால்தான் தொலைநிலைக் கல்வி என்று கோடு போட்டார்கள், பின்னால் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆளைக் குறைத்து மிச்சம் பிடித்த பல்கலைக்கழகத்துக்கு இந்தக் கோட்டைத் தாண்டுவது கஷ்டம். மிச்சம் பிடித்ததைவிட இழந்தது அதிகம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதைவிட வேடிக்கை. வருமான வரிச் சட்டப்படி, அரசின் கணிசமான நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு வரி விலக்கு உண்டு. கணிசம் என்றால் மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருக்க வேண்டும் என்று விதி. மாநில மானியம் குறைந்து அந்தப் பாதிக்குக் கீழே போனது. உடனே வருமான வரித் துறையினர், நீ அரசு நிதியில் நடக்கும் நிறுவனமே இல்லை என்று சொல்லி, 424 கோடி ரூபாய் வரி பாக்கிக்காக 2024 பிப்ரவரியில் வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள். மானியம் கிடைக்காததே வரி கட்டக் காரணம்! மாநிலத்தின் கையிலிருந்து மத்திய அரசின் கைக்கு, நடுவில் ஒரு பல்கலைக்கழகம் நசுங்குகிறது.

ஜி.எஸ்.டி.யும் இதில் சேர்ந்துகொண்டது. கல்லூரிகளுக்கு இணைப்பு வழங்கப் பல்கலைக்கழகம் வாங்கும் கட்டணத்துக்கு 18 சதவீத வரி உண்டு என்று 2024 செப்டம்பர் கூட்டத்தில் ஜி.எஸ்.டி. மன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே கூட்டத்தில் ஆராய்ச்சி நிதிக்கு விலக்குக் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் நெல்லை மாதிரி, கல்லூரிகளை இணைத்து வைத்திருப்பதே பெரிய தொழிலாக உள்ள பல்கலைக்கழகத்துக்கு இணைப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும்தான் சொந்த வருமானம். வரி ஏறினால் கல்லூரி கட்டும், கல்லூரி பிள்ளையிடம் வாங்கும். 2023 இறுதியில் அண்ணா பல்கலைக்கழகம் ஒரு தாளுக்கு 150 ரூபாயாக இருந்த தேர்வுக் கட்டணத்தை 225 ஆக்கியது. கூச்சல் எழுந்ததும் நிறுத்தி வைத்தார்கள். கையில் பணமில்லாத பல்கலைக்கழகம் திரும்பத் திரும்ப அந்தக் கதவைத்தான் தட்டும்.

பல்கலைக்கழகங்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்து, சம்பளம் போட முடியாத நிலைக்குக் கொண்டுவந்து, 2013இல் தனிச் சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. உபரி ஆட்களை மாநிலம் முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கும் வேறு துறைகளுக்கும் அனுப்பினார்கள். அந்த உபரி ஆசிரியர்கள் வந்து உட்கார்ந்ததும் புது நியமனம் தள்ளிப்போக ஒரு காரணம். மற்ற இடங்களிலும் அரசு அனுமதியில்லாமல் பணியிடம் உருவாக்கினார்கள், ஆட்சிக் குழுவில் தீர்மானம் போட்டுப் பதவி உயர்வு கொடுத்தார்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கை ஆட்சேபணை எழுதும். பதில் போகாது. ஆட்சேபணை பத்து, இருபது வருடம் கிடக்கும். பிறகு ஒருநாள் அரசு அதையே காட்டி மானியத்தில் கழித்துக்கொள்ளும். தணிக்கைக்காரர் எழுதியது பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பது என் அனுபவம். தவறு செய்து கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெற்றுப் போய்விடுவார். தண்டனை இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு.

அரசின் பெரிய விரயம் எங்கே என்று கேட்டால் என் விரல் மின்வாரியத்தைக் காட்டும். 2014க்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை மின் கட்டணத்தைத் தொடவே இல்லை. மாநில நிதிநிலை பற்றிய 2021 வெள்ளை அறிக்கையில் அதன் கடன் 1.34 லட்சம் கோடி என்று போட்டிருந்தார்கள். இழப்பை மாநிலமே ஏற்றாக வேண்டும் என்று நிபந்தனை வந்ததும், 2023-24இல் மட்டும் 17,117 கோடியை அதற்காகக் கொடுத்தார்கள். உயர்கல்வித் துறையின் மொத்தப் பணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இதில் யாரும் பெட்டியில் வைத்துத் திருடினார்கள் என்று நான் சொல்லவில்லை. எட்டு வருடம் ஒரு முடிவைத் தள்ளிப்போட்டதற்குக் கட்டிய வட்டி அது. கல்லூரிப் பணியிடத்தில் நடப்பதும் இதே தள்ளிப்போடல்தான்.

இலவசங்களை ஏன் சொல்லவில்லை என்று சிலர் கேட்பார்கள். மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26இல் 13,807 கோடி, உயர்கல்வியைவிட அதிகம். இருந்தாலும் அதை நான் வீண் என்று சொல்லமாட்டேன். மாதம் 1,000 ரூபாய் கையில் வருவதால் எங்கள் பக்கத்தில் முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் பெண்கள் பலர் மகளின் பருவக் கட்டணத்தைக் கடன் வாங்காமல் கட்டுகிறார்கள். 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளிப் பெண்களைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தது. 2021-22 கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை இந்திய அளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. பிள்ளையை வாசல்வரை அழைத்துவரப் பணம் செலவழித்துவிட்டு, உள்ளே பாடம் நடத்த ஆளை வைக்காமல் விட்டால் அந்த 1,000 ரூபாயின் பலனும் பாதிதான் கிடைக்கும். திட்டத்தை நிறுத்துவது பதில் ஆகாது, ஆசிரியரைப் போட வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு இதில் தனியாக ஒரு கவலை உண்டு. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடம் வந்தோம். அது பெரும்பாலும் மிஷனரிகளும் சமுதாய அமைப்புகளும் நடத்திய பள்ளி, கல்லூரிகளால் வந்தது. ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், மார்த்தாண்டத்து நேசமணி கல்லூரி என்று இங்கே பெயர் சொல்லும் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலானவை உதவிபெறும் கல்லூரிகள். கோணத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது, ஆனாலும் பாரம் இவர்கள் தோளில்தான். 2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகச் சட்டத்தைத் திருத்தி, இருக்கிற கல்லூரிகளே தனியார் பல்கலைக்கழகமாக மாறிக்கொள்ள வழி செய்து மசோதா நிறைவேற்றினார்கள். மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கர் இருந்தால் போதும் என்று நிபந்தனையையும் தளர்த்தினார்கள். ஆசிரியர் சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன, சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நான் அதை முடிந்த கதையாக எடுத்துக்கொள்ளவில்லை. உதவிபெறும் பணியிடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டே போனால், பத்து வருடத்தில் நிர்வாகமே "அரசு மானியம் என்று எங்களுக்கு இப்போது என்ன வருகிறது, எங்களை விட்டுவிடுங்கள்" என்று சொல்லும் நிலை வரும். அப்போது மசோதாவை எதிர்க்க ஆள் குறைவாக இருக்கும்.

சரி, உங்கள் மகள் விஷயம். பயந்து லட்சக்கணக்கில் கட்டித் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு ஓட வேண்டாம். உதவிபெறும் கல்லூரியின் ரெகுலர் பிரிவில் இயற்பியல் கிடைத்தால் சேர்த்துவிடுங்கள். கட்டணம் சுயநிதிப் பிரிவைவிட வெகு குறைவு. சேரும் முன் கட்டடத்தையும் விளம்பரத் தட்டியையும் பார்க்க வேண்டாம். துறைக்குப் போய், அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இப்போது நிரந்தரமாக இருப்பவர் எத்தனை, அதில் எத்தனை பேர் பிஎச்.டி. வழிகாட்டி, இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு பெறுபவர் எத்தனை என்று கேளுங்கள். ஆய்வகத்தில் பிள்ளைகள் கருவியைத் தொட்டுப் பார்க்கிறார்களா, தூரத்தில் நின்று குறிப்பு எழுதுகிறார்களா என்று படிக்கும் பிள்ளைகளிடமே விசாரியுங்கள். மழுப்பினால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். அரசுச் சம்பளம் வாங்கும் உதவிபெறும் கல்லூரியும் அந்தச் சட்டத்துக்குள் வரும். மாநில அளவில் பார்க்க விரும்பினால் பட்ஜெட்டில் மானியக் கோரிக்கை எண் 20 உயர்கல்வித் துறை. ஒதுக்கீட்டுத் தொகையோடு நின்றுவிடாமல், ஒரு வருடம் கழித்து வரும் உண்மைச் செலவுக் கணக்கையும் சம்பளத் தலைப்பில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒதுக்கியதற்கும் செலவானதற்கும் நடுவே இருக்கும் இடைவெளியில், நிரப்பாமல் விட்ட இடங்களுக்கும் ஒரு பங்கு இருக்கும்.